இரண்டு விசில்

ஜூன் 3, செவ்வாய்
விளாத்திகுளம் தாண்டி, பெட்ரோல் பங்க் பின்புறம்

பழைய டைரி தண்ணீர்த் தொட்டி ஒழுகியதில் ஊறிப்போய்விட்டது. இன்று முதல் புது டைரி. முதல் பக்கத்தில் விவரம் கேட்கிறார்கள். பெயர்: செல்லையா. தொழில்: அரசு பஸ் டிரைவர், ஓய்வு. விலாசம்: எழுதவில்லை. எழுதி முடிப்பதற்குள் மாறிவிடும்.

ஓய்வு பெற்ற அன்று மாலையும் கழுத்துமாக வீட்டுக்கு வந்தபோது என் மனைவி உலகம்மாள் ஒரு கேள்வி கேட்டாள். "ஊரையெல்லாம் ஏத்தி எறக்குனிய. என்னைய எங்க கூட்டிட்டுப் போனிய?" யோசித்துப் பார்த்ததில், சங்கரன்கோவிலில் இருந்து அவள் அம்மா வீட்டுக்கு. அதுவும் வேறொருவர் ஓட்டிய பஸ்ஸில். பதில் சொல்ல முடியாத காரணத்தால் ஒரு பழைய சின்ன ஸ்கூல் பஸ்ஸை வாங்கி, கரூரில் பாடி கட்டும் பட்டறையில் விட்டு, கட்டில், அடுப்பு, தொட்டி, கக்கூஸ் எல்லாம் வைத்து வீடாக்கினேன். கக்கூஸ் சின்னது. எந்தப் பக்கம் பார்த்து உட்கார வேண்டும் என்று வெளியிலேயே முடிவு செய்துகொண்டு உள்ளே போக வேண்டும். சொந்த வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டோம். நாலாவது வருஷமாக இப்படியே ஓடிக்கொண்டிருக்கிறது.

இன்று இடது பக்கக் கண்ணாடி உடைந்தது. புளியமரம். போன மாசமும் இடது கண்ணாடிதான், அதற்கு முன்பு இடது இண்டிகேட்டர். வலது பக்கத்தில் ஒரு கீறல் கிடையாது. இந்தப் பக்கத்து மரங்களை யாரோ பொறுப்பில்லாமல் நட்டிருக்கிறார்கள்.

"மரம் நட்ட எடத்துலதான் நிக்கி" என்றாள் உலகம்மாள். "நாமதான் அங்க போனோம்."

ஜூன் 5, வியாழன்
கோவில்பட்டி

எட்டயபுரம் தாண்டியதும் இடது காதில் "ஏய், நிப்பாட்டு" என்று ஒரு சத்தம். போலீஸ் என்று நினைத்து பிரேக் போட்டேன். கதவைத் திறந்து ஏறியது ஒரு பெண்மணியும் ஒரு கட்டு முருங்கைக்காயும். நேராகப் போய் எங்கள் கட்டிலில் உட்கார்ந்து, "கோவில்பட்டி ஒண்ணு" என்றார்.

உலகம்மாள் டீ போட்டுக் கொடுத்தாள்.

"என்னம்மா, பஸ்ஸுக்குள்ள அடுப்பெல்லாம் இருக்கு?"

"புதுசா விட்டிருக்காவ" என்றாள் இவள். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

கோவில்பட்டியில் இறக்கிவிட்டோம். டிக்கெட்டுக்குப் பதில் பாதிக் கட்டு முருங்கைக்காய். இறங்கும்போது அந்த அம்மாள் என்னிடம், "ரோட்டுக்குள்ள வந்து நின்னு கைய ஆட்டுதேன், பாக்காமலே வாறீரே. ஒதுங்கலன்னா எம்மேலயே ஏத்திருப்பீரு" என்றார். பயணிகள் எப்போதுமே கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார்கள். உலகம்மாள் அந்த அம்மாள் போன பக்கமே பார்த்துக்கொண்டு நின்றாள். சாம்பாரில் உப்பு இல்லை. அப்படியே சாப்பிட்டேன்.

ஜூன் 9, திங்கள்
கோவில்பட்டி, கல்யாண மண்டப வாசல் (முகூர்த்தம் இல்லாத வாரம்)

கழிவுத் தொட்டி காலி செய்தேன். கேஸ் அடுப்புக் குழாய் மாற்றினேன். எங்கள் வண்டியைப் பார்க்கிறவர்கள் இதுவரை ரத்ததான வண்டி, நடமாடும் ரேஷன் கடை, தேர்தல் வண்டி என்றெல்லாம் நினைத்திருக்கிறார்கள். இன்று காலை ஒரு பெரியவர் படியேறி வந்து உட்கார்ந்துவிட்டார். கண் பரிசோதனை முகாம் என்று நினைத்தாராம்.

"இவரு மொதல்ல. நீங்க அடுத்து" என்றாள் உலகம்மாள், என்னைக் காட்டி.

எனக்கு ரசிக்கவில்லை. சாயங்காலம் சென்னையில் இருந்து மகன் கோமதிநாயகம் போன் செய்தபோது இருவரும் பேசிவைத்துக்கொண்டது தெரிந்தது. "எப்பா, ஆகஸ்ட் பதினாலோட ஒங்க லைசென்ஸ் முடியுது. டாக்டர் சர்டிபிகேட் இல்லாம புதுசு தர மாட்டாங்க. கண்ணக் காட்டுங்க. இல்லன்னா வண்டிய வித்துட்டு இங்க வந்துருங்க, ரூமு சும்மாதான கெடக்கு."

அந்த ரூமை எனக்குத் தெரியும். ஒன்பதாவது மாடி. ஜன்னலைத் திறந்தால் எதிரே இன்னொரு ஜன்னல் தெரியும். போன தடவை போனபோது உலகம்மாள் மூன்றாம் நாளே லிப்டில் சும்மா மேலும் கீழும் போய் வர ஆரம்பித்தாள். நான் வண்டி ஓட்டும் வரை இந்த வீடு ஓடும். நான் நிறுத்தினால் ஒன்பதாவது மாடி. விஷயம் அவ்வளவுதான். அதனால் என் கண்ணுக்கு எதுவும் இல்லை. இந்த டைரியில் அச்சடித்திருக்கும் பொடி எழுத்தைக் கூடக் கண்ணாடி போடாமல் வாசிக்கிறேன்.

"போடிக்கு எப்பத்தான் கூட்டிட்டுப் போவிய?" என்று வேறு ஆரம்பித்தாள். சங்கரன்கோவில்–போடி தடத்தில்தான் நான் அதிகம் ஓடினேன். ஒரு நாள் விட்டு ஒரு நாள் ராத்திரி போடி டெப்போவில்தான் படுக்கை. கல்யாண வாழ்க்கையில் பாதி ராத்திரி நான் படுத்திருந்த இடத்தைப் பார்க்க வேண்டுமாம். ஒரு தகரக் கொட்டகை, ஒரு டீக்கடை. அதில் பார்க்க என்ன இருக்கிறது என்று தெரியவில்லை.

ஜூன் 14, சனி
இலஞ்சி

குற்றாலத்தில் சாரல் விழுகிறது, கொஞ்ச நாள் ஒரே இடத்தில் இருப்போம் என்று பிடிவாதம் பிடித்து இங்கே கொண்டுவந்துவிட்டாள். என்னோடு பல வருஷம் கண்டக்டராக இருந்த இசக்கிக்கு இலஞ்சியில் தென்னந்தோப்பு இருக்கிறது. பம்புசெட் தண்ணீர், மின்சாரம், தேங்காய். மரங்கள் மட்டும் இங்கேயும் நெருக்கமாகத்தான் இருக்கின்றன. ரிவர்ஸ் எடுக்கும்போது இடது பக்கம் ஒன்று லேசாக இடித்தது.

இசக்கி அந்த மரத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். பிறகு வீட்டுக்குள் போய், கண்டக்டராக இருந்தபோது ஊதிய பழைய விசிலைத் தேடி எடுத்து வந்து அவளிடம் கொடுத்தான்.

"மதினி, இத வச்சுக்கிடுங்க. அண்ணாச்சிக்கு வாயால சொன்னா ஏறாது. விசிலுக்குத்தான் நிப்பாரு. ஒரு விசில்னா நிப்பாட்டு. ரெண்டு விசில்னா போ. நடுவுல பேச்சே கெடையாது."

உண்மைதான். கண்டக்டர் ரெண்டு விசில் கொடுக்காமல் ஒரு நாளும் நான் வண்டி எடுத்ததில்லை. ஒரு விசில் கேட்டால் ஏன் என்று கேட்டதுமில்லை. அது பஸ்ஸில் சரி. வீட்டுக்குள் கட்டின மனைவி விசில் ஊதுவது நன்றாகவா இருக்கிறது? கேட்டேன். பதிலுக்கு ஒரு விசில் வந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

ஜூன் 19, வியாழன்

மூன்று நாளாகக் காலையில் கோயிலுக்குப் போகிறாள். ஷூ போட்டுக்கொண்டு போகிறாள். முழங்கால் வலிக்கு நல்லதாம். தேங்காய் பழம் கொண்டுபோவதில்லை, திருநீறு கொண்டுவருவதில்லை. சாமிக்கும் எனக்கும் நடுவில் தட்டு எதற்கு என்கிறாள். தென்காசி பஸ் ஏறிப் போகிறாள். இலஞ்சியில் முருகன் இருக்கும்போது தென்காசி வரை எதற்கு என்று கேட்டேன். "ஒவ்வொரு சாமி ஒவ்வொண்ணுக்கு" என்றாள்.

புரோட்டா சாப்பிடப் போகிறாளோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

ஜூன் 26, வியாழன்

துணி துவைத்தேன். கொடி கட்டினேன். காய்வதற்குள் சாரல். மறுபடி எடுத்து வண்டிக்குள் கட்டினேன். இப்போது எங்கள் வீட்டில் ஒரு அறையில் இருந்து இன்னொரு அறைக்குப் போக என் வேட்டியை விலக்க வேண்டும். அறை இருப்பதே ஒன்றுதான்.

சாயங்காலம் உலகம்மாள் திடீரென்று, "ஏங்க, கிளட்ச்ச விட்டா வண்டி ஏன் தவள மாதிரி குதிக்கு?" என்று கேட்டாள்.

நாற்பது வருஷத்தில் என் தொழிலைப் பற்றி அவள் கேட்ட முதல் கேள்வி. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இரண்டு தோசைத் தட்டை எடுத்து ஒன்றோடொன்று உரசி, பாதி விடும் இடத்தில் காலை எப்படி நிறுத்த வேண்டும் என்று விளக்கினேன். மேட்டில் வண்டி பின்னால் உருளாமல் எடுப்பதையும் சொன்னேன். கேட்காததையும் சொன்னேன். அவள் தலையாட்டிக்கொண்டே கேட்டாள். கொஞ்ச நாளாக என் டம்ளரையும் தட்டையும் வலது பக்கமாகவே வைக்கிறாள் என்பதையும் இன்று கவனித்தேன். முன்பெல்லாம் இடது பக்கம் வைப்பாள். நான் தட்டிவிடுவேன். அவள் எப்போதுமே டம்ளரை விளிம்பில் வைப்பவள்.

ஜூலை 4, வெள்ளி

கேஸ் சிலிண்டர் எடுக்கத் தென்காசி போய்விட்டுத் திரும்பினோம். மெயின் ரோட்டில் இருந்து ஊருக்குப் பிரியும் இலஞ்சி விலக்கில் இடது பக்கம் திருப்பினேன். ரோடு காலி. நான் பார்த்தேன். காலியாகத்தான் இருந்தது.

ஒரு விசில்.

தலைக்கு ஏறுவதற்கு முன்பே கால் பிரேக்கை மிதித்துவிட்டது. பின்னால் பாத்திரமெல்லாம் உருண்டது. "என்னளா?" என்று திரும்பினேன். அவள் விசிலை வாயில் இருந்து எடுக்கவில்லை. பம்பருக்கு இடது ஓரத்தில் இருந்து ஒரு சைக்கிள் மெதுவாக வெளியே வந்தது. ஸ்கூல் யூனிபார்ம் போட்ட பெண் பிள்ளை. ரெட்டைச் சடை. அவ்வளவு நேரம் எங்களுக்குப் பக்கத்திலேயே வந்திருக்கிறது. ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தது.

"சாரி தாத்தா" என்றது.

அதன் மேல் ஒரு தப்பும் இல்லை. என்னிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு மணியடித்துக்கொண்டு போய்விட்டது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. என் சர்வீஸில் ஒரு ஆட்டுக்குட்டியைக் கூட நான் இடித்ததில்லை. உலகம்மாள் ரெண்டு விசில் கொடுத்தாள். நான் எடுக்கவில்லை. இசக்கி வந்து வண்டியைத் தோப்புக்குக் கொண்டுபோனான்.

ஜூலை 5, சனி

வண்டி எடுக்கவில்லை.

ஜூலை 6, ஞாயிறு

வண்டி எடுக்கவில்லை. மழை என்று எழுதலாம். மழை இல்லை.

ஜூலை 9, புதன்
திருநெல்வேலி போய் வந்தது

கண் டாக்டர். சின்ன வயசுப் பெண். சுவரில் இருந்த எழுத்துகளைக் கடைசி வரி வரை வாசித்தேன். அச்சகத்தின் பெயரையும் சேர்த்து வாசித்தேன். உலகம்மாளைத் திரும்பிப் பார்த்தேன், பார்த்தாயா என்று.

அப்புறம் ஒரு மிஷினுக்குள் முகத்தை வைக்கச் சொன்னார்கள். நடுவில் ஒரு புள்ளியையே பார்க்க வேண்டும். ஓரத்தில் எங்காவது விளக்கு மினுங்கினால் கையில் இருக்கும் பொத்தானை அழுத்த வேண்டும். நான் கவனமாக உட்கார்ந்திருந்தேன். நிறைய நேரம் ஒன்றுமே மினுங்கவில்லை. முடிந்ததும் நல்ல எண்ணத்தோடு சொன்னேன். "மிஷின்ல பாதி பல்பு எரியலம்மா. கம்பெனிக்காரன வரச் சொல்லுங்க."

டாக்டர் சிரிக்கவில்லை. ஒரு தாளை மேஜை மேல் வைத்தார். இரண்டு வட்டம். இடது வட்டத்தில் பெரும்பகுதி கறுப்பு. "பல்பு எல்லாமே எரிஞ்சதுய்யா. கண்ணுக்குள்ள அழுத்தம் கூடி, ஓரப் பார்வை கொஞ்சம் கொஞ்சமாப் போயிருக்கு. வலி இருக்காது, அதான் தெரியல. போனது திரும்ப வராது. இருக்கிறத சொட்டு மருந்து போட்டுக் காப்பாத்தலாம். ஆனா இனிமே நீங்க வண்டி ஓட்டக் கூடாது."

கடைசி வரி வாசித்தேனே என்றேன். "நேரா நல்லாத் தெரியும்யா" என்றார். நேராகத்தானே ரோடு இருக்கிறது என்று கேட்க நினைத்தேன். சைக்கிள் ஞாபகம் வந்தது. கேட்கவில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். டிரைவர் நன்றாக ஓட்டினார். குறை சொல்ல ஒன்றும் இல்லை. உலகம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். விட்டிருந்தால் நான் அழுதிருப்பேன்.

ஜூலை 10, வியாழன்

காலை ஒரு சொட்டு. ராத்திரி ஒரு சொட்டு. உலகம்மாள் கோயிலுக்குப் போனாள். ஷூ.

ஜூலை 15, செவ்வாய்

டிரைவர் சீட்டை யாரோ முன்னால் தள்ளியிருக்கிறார்கள். உட்கார்ந்தால் என் முழங்கால் ஸ்டியரிங்கில் இடிக்கிறது. மேலே ஒரு தலையணை வேறு. இசக்கி தோப்பில் எலி அதிகம்.

சீட்டை நான் பின்னால் தள்ளவில்லை.

ஜூலை 17, வியாழன்

கிளட்ச் கொஞ்சம் இறுக்கம். எனக்குப் பழகிவிட்டது, ஆனால் எலிக்குக் கால் எட்டாது. தென்காசியில் இருந்து மெக்கானிக்கை வரவழைத்து லேசாக்கினேன். சும்மா உட்கார்ந்திருக்க முடியவில்லை, வேறு ஒன்றும் இல்லை.

ஜூலை 20, ஞாயிறு

சென்னையில் இருந்து மகன் நாயகம் வந்தான். மருமகள் ஷோபனா ஒன்பதாவது மாடியில் எங்களுக்காக ரூமுக்குப் பெயிண்ட் அடித்து வைத்திருக்கிறாளாம். நல்ல பெண். அதனால்தான் மறுப்புச் சொல்வது கஷ்டம். வண்டியைப் பார்க்க மதுரையில் இருந்து ஒரு கேட்டரிங்காரரையும் வரச் சொல்லியிருந்தான். அவர் எங்கள் கட்டிலைத் தட்டிப் பார்த்தார். "இத எடுத்துட்டா அண்டா வைக்கலாம்" என்றார்.

உலகம்மாள் அவருக்கும் டீ கொடுத்தாள். பிறகு, "வண்டி விக்கதுக்கு இல்ல" என்றாள்.

"எம்மா, யாரும்மா ஓட்டுவா?" என்று நாயகம் கத்தினான். "அப்பாவுக்குத் தெரியல. இசக்கி மாமாவுக்குத் தோப்பு இருக்கு. ரெண்டு பேரும் இந்தத் தோப்புலயே கெடப்பீங்களா?"

"ஆளு பாத்தாச்சு."

"யாரு?"

"நல்ல ஆளு. குடிப் பழக்கம் கெடையாது. சம்பளம் கேக்காது. அப்பாவோட குணம் தெரிஞ்ச ஆளு."

"எங்க படுக்கும்மா அந்த ஆளு?"

"எங்கூடத்தான்" என்றாள். நாயகத்தின் முகம் போன போக்கைப் பார்த்துக் கேட்டரிங்காரர் டம்ளரை வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டார்.

நான் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து சொட்டு மருந்துக் குப்பியின் மேல் இருந்ததை வாசித்துக்கொண்டிருந்தேன். நேராக எல்லாம் நன்றாகத் தெரிகிறது. பிள்ளை போகும்போது என் தோளைத் தொட்டான். "ஒங்களுக்குத் தெரியுமாப்பா?" என்றான். எனக்கு எதுவும் தெரியாது என்றேன்.

ஜூலை 30, புதன்

"மேட்டுல நிப்பாட்டி எடுக்கச் சொன்னா, ஹேண்ட் பிரேக்க எப்ப விடணும்?"

"கோயில்ல இதெல்லாமா கேக்காவ?"

"சாமி கேக்கும்" என்றாள்.

சொல்லிக்கொடுத்தேன். மறுபடி தோசைத் தட்டு.

ஆகஸ்ட் 7, வியாழன்

மத்தியானம் பஸ்ஸில் இருந்து இறங்கி வந்தாள். நெற்றி நிறையத் திருநீறு. கையில் தேங்காய் மூடி, பழம், பூ எல்லாம் இருந்தது. "இன்னைக்குத்தான் நெசமாவே கோயிலுக்குப் போனேன்" என்றாள். பூவுக்கு அடியில் இருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினாள். டிரைவிங் டெஸ்ட் பாஸ். சின்ன பஸ் என்பதால் கார் லைசென்ஸே போதுமாம். கார்டு தபாலில் வருமாம். ஆனால் செல்போனில் இப்போதே காட்டுகிறது, படத்தோடு. படத்தில் யாரையோ அடிக்கப்போகிறவள் மாதிரி இருக்கிறாள்.

"ரிவர்ஸ்?" என்று கேட்டேன்.

"ஒரே தடவையில."

"இடது பக்கம்?"

"ஒரு மரமும் தொடல."

இசக்கி கைதட்டினான். நானும் தட்டினேன். எனக்குப் பெருமையாக இருந்தது. பொறாமையாகவும் இருந்தது. எது அதிகம் என்று இன்னும் பிரித்துப் பார்க்கவில்லை.

ஆகஸ்ட் 14, வியாழன்
ராஜபாளையம்

என் லைசென்ஸ் இன்றோடு முடிந்தது. கார்டை எடுத்து ஒரு தடவை துடைத்துவிட்டு, சாமி படத்துக்குப் பின்னால் வைத்தேன்.

காலையில் தொட்டி நிரப்பினோம். கேஸ் மூடினோம். பாத்திரங்களை இறுக்கிக் கட்டினோம். எல்லாம் வழக்கம் போல. பிறகு உலகம்மாள் வலது பக்கக் கதவைத் திறந்து ஏறி, தலையணை மேல் உட்கார்ந்தாள். நான் இடது பக்கம் ஏறினேன். அந்தப் பக்கத்தில் இருந்து என் வண்டியை நான் பார்த்ததே இல்லை. டேஷ்போர்டில் அந்த மூலையில் ஒரு சின்னப் பிள்ளையார் ஒட்டியிருக்கிறது. எப்போது ஒட்டினாள் என்று தெரியவில்லை.

எஞ்சின் ஓடுகிறது. கியர் போட்டாயிற்று. வண்டி நகரவில்லை.

"என்னளா?"

"விசில்" என்றாள். ரோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். விசில் என் மடியில் கிடந்தது.

"நான் டிரைவர். விசில் ஊதினது கெடையாது."

"நீங்க ரெண்டு விசில் இல்லாம வண்டி எடுத்ததில்லைல்லா? நானும் எடுக்க மாட்டேன்."

இசக்கி வாசலில் கேட்டைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றான். பின்னால் தேங்காய் ஏற்றிக்கொண்டு கிளம்பிய லாரி ஹாரன் அடிக்கிறது. இவள் அசையவில்லை. நானும் அசையவில்லை. லாரிக்காரர் இறங்கி வந்து, "என்ன அண்ணாச்சி, வண்டி ரிப்பேரா?" என்று கேட்டார். விசிலை எடுத்து வாயில் வைத்தேன். இசக்கியின் பல் தடம் இருந்தது. இரண்டு விசில் கொடுத்தேன்.

வண்டி குதிக்காமல் கிளம்பியது. கேட்டைத் தாண்டியது. இலஞ்சி விலக்கு வந்தது. அதே இடம். அவள் வேகம் குறைத்து, இடது கண்ணாடி பார்த்து, தலையையும் திருப்பிப் பார்த்து, நான் சொல்லிக்கொடுத்தது போலவே எடுத்தாள். ஒரு சைக்கிள் முன்னால் போகட்டும் என்று காத்திருந்தாள். எனக்கு அது தெரியவே இல்லை. அவளுக்குத் தெரிந்தது. அங்கேதான் எனக்கு அழுகை வந்துவிட்டது.

விசில் வாயிலேயே இருந்திருக்கிறது. மூச்சு முட்டியதில் அது நீளமாக ஒரு தடவை ஊதிவிட்டது.

உடனே பிரேக். பின்னால் பாத்திரமெல்லாம் உருண்டது. லாரியும் கிறீச்சிட்டு நின்றது.

"என்னங்க? எதுக்கு நிப்பாட்டச் சொன்னிய? எறங்கணுமா?"

"இல்ல."

"பின்ன?"

"தூசி."

அவள் என்னைப் பார்த்தாள். கிளட்சை மிதித்து, கியர் போட்டு, இரண்டு கையையும் ஸ்டியரிங்கில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். நான் முகத்தைத் துடைத்தேன். இடது பக்கம் முழுதாகத் திரும்பிப் பார்த்தேன், வலது பக்கம் பார்த்தேன். ஊர் பேர் சொல்லி ஆள் கூப்பிடும் கண்டக்டர் மாதிரி "போடி, போடி, போடி" என்று ஒரு தடவை ஜன்னலுக்கு வெளியே கூவினேன். ரோட்டில் யாரும் இல்லை.

பிறகு இரண்டு விசில் கொடுத்தேன்.